அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘ஈஆர் பாசிட்டிவ்’: மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சள் கேப்சூல் போடலாமா?

மஞ்சக்காட்டு மகள்

வணக்கம்ங்க. எங்களுக்கு அந்தியூர் பக்கம். அம்மாவுக்கு 46 வயது. போன வருடம் இடது மார்பில் கட்டி என்று கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது தினம் ஒரு டாமாக்சிஃபென் மாத்திரை. ஐந்து வருடம் போட வேண்டுமாம். இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டார். ஆனால் ராத்திரியில் உடம்பு திகுதிகுவென்று எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மார்கழிக் குளிரிலும் ஜாக்கெட் நனைந்துவிடுகிறது.

போன வாரம் பெரிய மாமா மூன்று டப்பா மஞ்சள் கேப்சூல் வாங்கி வந்தார். கூடவே ஒரு வாட்ஸ்அப் செய்தி. ‘புற்றுநோயை வளர்ப்பது என்எஃப் கப்பா பி என்கிற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், அதை மஞ்சள் அணைத்துவிடும், ஆங்கில மருந்தே வேண்டாம்’ என்று இருக்கிறது. மாமாவைத் தப்பாக நினைக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பணம் பத்தாதபோது காங்கேயம் காளை ஜோடியை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். அம்மா அவர் பேச்சைத் தட்ட மாட்டார். இன்றோடு நாலு நாள் மாத்திரை போடவில்லை.

நான் படித்தது பி.காம். ரிப்போர்ட்டில் ‘ஈஆர் 90 சதவீதம், பிஆர் 60 சதவீதம், ஹெர்2 நெகட்டிவ்’ என்று இருக்கிறது. தேடிப் பார்த்தால் இந்த ஈஆரும் ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்தான் என்கிறார்கள். அப்படியென்றால் மாமா சொல்வதும் டாக்டர் சொல்வதும் ஒன்றேதானா? அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்? எனக்குப் புரிந்தால்தான் மாமாவிடம் உட்கார்ந்து பேச முடியும்.

ஒற்றைப்படை மதகு

அம்மிணி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இன்றிரவே மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன நாலையும் சேர்த்துப் போட வேண்டாம், வழக்கம்போல ஒன்று போதும். டாமாக்சிஃபென் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே 5 முதல் 7 நாள் ஆகும். நாலு நாளில் எல்லாம் கெட்டுப்போகவில்லை. ஆனால் நாளைக் காலையில் டாக்டருக்கு போன் செய்து, எரிச்சலையும் கேப்சூலையும் இரண்டையுமே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. எனக்குச் சொந்த ஊர் கோபி. பதினொரு வருடமாக ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களோடுதான் பிழைப்பு. எங்கள் அப்பாவுக்கு இதை விளக்கியபோது கீழ்பவானி வாய்க்காலை வைத்துத்தான் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டருக்கு வாய்க்கால் ஓடுகிறது, 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம். ஓடுவது ஒரே தண்ணீர். ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, அடுத்த போகத்துக்கு இரட்டைப்படை மதகு. எந்த மதகு திறக்கிறது என்பதை வைத்துத்தான் யார் காட்டில் நெல், யார் காட்டில் கடலை என்று முடிவாகிறது. நம் உடம்பும் அப்படித்தான். கண்ணில் இருக்கிற செல்லிலும் ஈரலில் இருக்கிற செல்லிலும் இருப்பது அதே டிஎன்ஏ. புரதம் செய்வதற்கான மரபணுக்கள் சுமார் 20,000. எல்லாம் எல்லா இடத்திலும் திறந்திருப்பதில்லை. எது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று பார்க்க ஆள் இருக்கிறது. வாய்க்காலில் அவர் பெயர் லஸ்கர். செல்லுக்குள் அவர் பெயர் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், தமிழில் படியெடுப்புக் காரணி. அதுவும் ஒரு புரதம்தான். மனிதனிடம் சுமார் 1,600 வகை இருக்கின்றன.

எந்த மதகு தன்னுடையது என்று இவருக்கு எப்படித் தெரியும்? டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலு எழுத்தில் எழுதிய நீளமான வரி. ஒவ்வொரு காரணியும் தனக்குரிய சின்னச் சொல்லைத் தேடிப்போய் அதன்மேல் உட்காரும். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் உள்ள ஈஆர், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, தேடும் சொல் இது: ஏ ஜி ஜி டி சி ஏ, நடுவில் எதுவானாலும் மூன்று எழுத்து, பிறகு டி ஜி ஏ சி சி டி. டிஎன்ஏவுக்கு இரண்டு இழை. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. அப்படிப் போட்டு எதிர் இழையைப் பின்னாலிருந்து படித்தால் அதே சொல் வரும், நம் விகடகவி போல. அந்தச் சொல் அப்படி அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஈஆர் தனியாக வருவதில்லை, ஜோடியாக வந்து ஆளுக்குப் பாதியாகப் பிடித்து உட்காருகிறது.

உட்கார்ந்தால் மட்டும் மதகு திறக்காது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து அதன் குழிக்குள் பொருந்த வேண்டும். பொருந்தியதும் ஏற்பியின் ஓரத்தில் ஒரு துண்டு மூடிபோல் மடங்கிக்கொள்ளும். அந்த மடிப்பில்தான் துணைப் புரதங்கள் வந்து ஒட்டும். அவை ஒட்டினால் பக்கத்து மரபணு படியெடுக்கப்படும், அதாவது மதகு திறக்கும். சைக்ளின் டி1, மைக் என்று செல்லைப் பெருக்கும் மரபணுக்கள் அதில் அடக்கம். டாமாக்சிஃபென் அதே குழிக்குள் போய் உட்காருகிறது. ஆனால் அதற்கு ஒரு நீண்ட வால் உண்டு, மூடி மடங்க விடாது. துணைப் புரதத்துக்கு இடமில்லாமல் போகிறது, திறக்காதே என்கிற புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. லஸ்கர் மதகடியில் நிற்கிறார், கையில் சாவி இருக்கிறது, ஆனால் திருக முடியவில்லை.

46 வயதில் சினைப்பை இன்னும் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். தினமும் வருகிற ஆளுக்கு முன்னால் தினமும் இடம் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு மாத்திரை.

மைக்ரோடோம்

நான் கோவையில் ஒரு திசு ஆய்வகத்தில் டெக்னீஷியன். அந்த 90 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியை, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, 3 அல்லது 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவுவோம். சீவியதை வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்த வேண்டும். பாலாடையை விரலில் படாமல் எடுப்பது போன்ற வேலை. பிறகு ஈஆரை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றுவோம். அது ஒட்டிய இடம் பழுப்பாகும். மற்ற இடமெல்லாம் நீலம். டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்த்து, நூறு புற்றுசெல்லில் எத்தனை பழுப்பு என்று எழுதுவார். ஒரு சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ்.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் உள்ள ஹெர்2 செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் வேறொரு புரதம், அதன் சாயம் செல்லின் ஓரத்தில் வேலி போட்டது மாதிரி ஏறும். ஈஆர் சாயம் நடுவில், உட்கருவுக்குள் மட்டும் ஏறும். முதல் தடவை பார்த்தபோது ஏன் இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மேலே மதகு அண்ணன் சொன்னதுதான் காரணம். டிஎன்ஏ இருப்பது உட்கருவில், இந்த லஸ்கருக்கு வேலையும் அங்கேதான்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஒரு முறை வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்த டப்பாவில் ஃபார்மலினுக்குப் பதில் சலைன், அதாவது உப்புநீர் இருந்தது. திசு பாதி அழுகியிருந்தது. கூடவே இருக்கும் நல்ல பால்குழாய்ச் செல்களாவது பழுப்பாகியிருக்க வேண்டும், அவையும் ஆகவில்லை. அப்படியே நெகட்டிவ் என்று எழுதியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த மாத்திரையே கிடைத்திருக்காது. டாக்டர் ரிப்போர்ட் கொடுக்க மறுத்து மறுபடி பயாப்சி கேட்டார், பாசிட்டிவ் வந்தது. கட்டியை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டார்களா என்று வீட்டார் கேட்டுக்கொள்வதில் தப்பே இல்லை.

மஞ்சக்காட்டு மகள்

அம்மா இன்று இரவு போட்டுவிட்டார். ரொம்ப நன்றிங்க. பிஆர் 60 என்பது என்ன? அதுவும் லஸ்கரா?

ஒற்றைப்படை மதகு

ஆமாம். புரோஜெஸ்டிரோன் ஏற்பி. ஆனால் அதைப் பார்ப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. பிஆர் மரபணு ஈஆர் திறக்கிற மதகுகளில் ஒன்று. ஈஆர் இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கலாம். பிஆர் இருந்தால், ஈஆர் உண்மையிலேயே மதகைத் திறக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். கடைமடையில் தண்ணீர் வந்துவிட்டதென்றால் மேலே ஷட்டர் தூக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம் அல்லவா? 1975-லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுடையது 60. மாத்திரை அடிக்க வேண்டிய இடம் அங்கே உயிரோடு இருக்கிறது.

சென்னிமலைத் தறி

எங்கள் தறியில் ஜக்கார்டு அட்டை ஓடும்போது, எங்கே ஓட்டை இருக்கிறதோ அதை வைத்து எந்த இழை மேலே போகிறது என்பதுதான் பூவா கட்டமா என்று முடிவு செய்யும். நீங்கள் சொல்வது அதே மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம். என் கொழுந்தியாளுக்கும் இதே மாத்திரைதான். கர்ப்பப்பையை வருடா வருடம் பார்க்கச் சொன்னார்கள். மார்பில் மதகை மூடுகிற மருந்து கர்ப்பப்பையில் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? அங்கேயும் அதே லஸ்கர்தானே?

ஒற்றைப்படை மதகு

லஸ்கர் ஒருவர்தான், கூட வேலை செய்யும் ஆட்கள் வேறு. கர்ப்பப்பைச் செல்லில் துணைப் புரதங்களின் கூட்டு வேறு மாதிரி. அங்கே மூடி சரியாக மடங்காவிட்டாலும் ஏற்பியைப் பிடித்து இழுத்து மதகைத் திறக்கவைக்க ஆள் இருக்கிறது. அதனால் டாமாக்சிஃபென் மார்பில் ஈஸ்ட்ரோஜனுக்கு எதிரி, கர்ப்பப்பையில் பாதி ஈஸ்ட்ரோஜன். எலும்பிலும் அப்படித்தான், மாதவிடாய் நின்றவர்களுக்கு அங்கே அது நல்லதே செய்கிறது. கர்ப்பப்பைப் புற்று வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அது முக்கியம். கிடைக்கும் நன்மையோடு பார்த்தால் சிறிது. ஆனால் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் போய்க் காட்ட வேண்டும். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம் வந்தாலும் அப்படியே. ரத்தம் உறையும் ஆபத்தும் சிறிது உண்டு.

இந்த மருந்து பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். 1896-ல் ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் பீட்சன் என்ற டாக்டர், மாட்டின் சினைப்பைக்கும் பால் சுரப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று பண்ணையாளர்கள் கண்டதை யோசித்து, முற்றிய மார்புப் புற்றுள்ள பெண்ணுக்குச் சினைப்பையை எடுத்துப் பார்த்ததை எழுதினார். கட்டி சுருங்கியது. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது, ஹார்மோன் என்ற சொல்லே பிறக்கவில்லை. 1962-ல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் டாமாக்சிஃபெனைச் செய்தபோது அது கருத்தடைக்காக. அதற்கு உதவவில்லை. 1977-ல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி கிடைத்தது. ஐந்து வருடம் போட்டவர்களை 15 வருடம் வரை தொடர்ந்து பார்த்ததில், மார்புப் புற்றால் வரும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்தப் பலன் தொடர்கிறது.

பொள்ளாச்சி அக்கா

கண்ணு, நான் ஐந்து வருடம் முழுசாகப் போட்டு முடித்தவள். அந்த எரிச்சல் எனக்கும் வந்தது. முதல் ஆறு மாதம் கடுமை, அப்புறம் குறைந்தது. ராத்திரி காப்பியை நிறுத்தினேன், பருத்திச் சேலைக்கு மாறினேன், தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர். அம்மாவிடம் இது நோய் திரும்புவதால் வரும் எரிச்சல் இல்லை என்று சொல். எனக்கு அந்தப் பயம்தான் எரிச்சலைவிட அதிகமாக இருந்தது.

தூக்கம் வரவில்லை என்று வேறு டாக்டரிடம் போனால் டாமாக்சிஃபென் போடுவதை மறக்காமல் சொல்லச் சொல். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இதோடு சேராதாம். பக்கத்து ஊர் கிளினிக்கில் எனக்கு அப்படி ஒன்றைக் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் புற்றுநோய் டாக்டர் பார்த்து மாற்றினார்.

ஒற்றைப்படை மதகு

அக்கா சொல்வது ரொம்ப முக்கியம். பராக்செட்டின், ஃப்ளுவாக்செட்டின் இரண்டும் அப்படிப்பட்டவை. டாமாக்சிஃபெனை ஈரல் எண்டாக்சிஃபென் என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது, ஏற்பியை இறுக்கிப் பிடிப்பது அதுதான். அந்த மாற்றத்தை இவை தடுத்துவிடும்.

விரலி மஞ்சள்

ஈரோட்டில் மூன்று தலைமுறையாக மஞ்சள் மண்டி. விரலியை உடைத்து உள்நிறம் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன். 2019-ல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று மண்டியில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தேன். மஞ்சளைக் குறைத்துப் பேசினால் எனக்கு வலிக்கும். அதனால் நேராகவே கேட்கிறேன். என்எஃப் கப்பா பியை மஞ்சள் அணைக்கிறது என்பது பொய்யா? என்னிடம் கேப்சூல் கம்பெனிக்காரர்கள் வந்து கட்டுரைகளைக் காட்டுகிறார்கள்.

ஒற்றைப்படை மதகு

பொய் இல்லைங்க, அண்ணா. கண்ணாடித் தட்டில் நடந்தது உண்மை. உடம்பில் நடக்குமா என்பதில்தான் சிக்கல். கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

என்எஃப் கப்பா பி 1986-ல் டேவிட் பால்டிமோர் ஆய்வகத்தில் கண்டது. அதுவும் லஸ்கர்தான், ஆனால் நெருக்கடிக்கால லஸ்கர். சாதாரண நாளில் உட்கருவுக்கு வெளியே கட்டிப்போடப்பட்டிருக்கும். கிருமி, காயம், புகை என்று ஏதாவது வந்தால் கட்டு அவிழ்ந்து உள்ளே ஓடி அழற்சி மரபணுக்களைத் திறக்கும். வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். வருடக்கணக்கில் புகையிலையை வாயில் அடக்கினால் அது அடங்காமலே இருக்கிறது. பல புற்றுகளில் இது செல்லைச் சாகவிடாமல் காக்கிறது. அந்த அளவுக்கு வாட்ஸ்அப் செய்தி சரி.

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருளான குர்குமினை நேராகச் செல்மேல் ஊற்றினால் இந்தக் காரணி அடங்குவதைப் பலர் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நம் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான். அந்த மூன்றும் பெரும்பாலும் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவதில்லை. நாளுக்கு 8 கிராம் சுத்தக் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோதும் ரத்தத்தில் கிடைத்தது மிகச் சொற்பம். அதோடு குர்குமின் கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும், தானே ஒளிரவும் செய்யும். சோதனைக் கருவிகளே அதனால் ஏமாந்திருக்கின்றன என்று 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் பல, படங்கள் சரியில்லை என்று திரும்பப் பெறப்பட்டுவிட்டன. உங்களிடம் காட்டுகிற கட்டுரை எந்த வகை என்று அடுத்த முறை கேளுங்கள்.

இந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இன்னும் நேரடியான விஷயம் ஒன்று உண்டு. 2019-ல் நெதர்லாந்தில் டாமாக்சிஃபென் போடும் பெண்களுக்குக் குர்குமினும், மிளகிலிருக்கும் பைபரினும் சேர்த்துக் கொடுத்து ரத்தத்தை அளந்தார்கள். எண்டாக்சிஃபென் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கேப்சூல் டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். உறிஞ்சுவதற்காக என்று பெரும்பாலும் மிளகுச் சத்து சேர்த்திருப்பார்கள். அந்த வகைக் கேப்சூலால் ஈரல் வீங்கியவர்களும் இருக்கிறார்கள். ரசத்தில் போடும் மஞ்சள் வேறு, அதற்கு நான் எதிரி இல்லை. எங்கள் வீட்டில் பாலிலும் போடுகிறோம்.

அப்புறம், நாட்டு மருந்து என்றாலே ஒதுக்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் வந்தது, குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அதைத்தான் கொடுக்கிறார்கள். சீனாவின் ஹார்பினில் பாரம்பரிய மருந்தாக இருந்த பாஷாணம், ஆர்செனிக், இன்னும் பெரிய கதை. ஒரு வகை ரத்தப் புற்றில் 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் உடைந்து மாறி ஒட்டிக்கொள்ளும். வைட்டமின் ஏ-வின் சொல் கேட்டு நடக்கும் ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் வேறொரு புரதத்தோடு பிணைந்து, மதகை அழுத்தி மூடிவிடும். வெள்ளையணு முதிராமல் குழந்தையாகவே நின்று பெருகும். 1985-ல் ஷாங்காயில் வாங் சென்யி என்ற டாக்டர் ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு வைட்டமின் ஏ-வின் ஒரு வடிவத்தைக் கொடுத்தார். செல்கள் சாகவில்லை, முதிர்ந்தன. குழந்தை பிழைத்தது. ஆர்செனிக் அந்தப் பிணைந்த புரதத்தையே பிடித்து அழிக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதையும், அதே வைட்டமின் ஏ வடிவத்தோடு பழைய கீமோவைக் கொடுப்பதையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனை 2013-ல் வந்தது. கீமோ தோற்றது. ஒரு காலத்தில் சில நாளில் ஆளைக் கொன்ற நோய் அது. அந்தப் பாஷாணம் சோதனைக்கு வந்து நின்றது, ஜெயித்தது. மஞ்சள் இன்னும் ஜெயிக்கவில்லை, அவ்வளவுதான் என் வாதம்.

விரலி மஞ்சள்

புரிந்தது தம்பி. அம்மிணி, உன் மாமா ஈரோடு வந்தால் என் மண்டிக்கு வரச் சொல். மஞ்சள்காரனே சொன்னான் என்றால் கேட்பார்.

நாமக்கல் பண்ணை

இத்தனை நாள் படித்துவிட்டுப் போவேன், இன்றுதான் எழுதுகிறேன். எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. மேலே மைக் என்ற பெயர் வந்தது. கோழி நோய்ப் புத்தகம் ஒன்றில் மைலோசைட்டோமட்டோசிஸ் என்று படித்த ஞாபகம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஒற்றைப்படை மதகு

அதே பெயர்தாங்க. 1964-ல் பல்கேரியாவில் ஒரு கோழியிடம் எடுத்த வைரஸ், எம்சி29. அந்த வைரஸுக்குள் இருந்த புற்று மரபணுவுக்கு நோயின் பெயரைச் சுருக்கி மைக் என்று வைத்தார்கள். பிறகு பார்த்தால், அந்த மரபணு வைரஸுடையதே இல்லை, கோழியிடமிருந்து வைரஸ் தூக்கிக்கொண்டு வந்தது. நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது, எட்டாவது குரோமோசோமில். மைக் மட்டும் இல்லை. ஜுன், மிப், எட்ஸ் எல்லாமே கோழி வைரஸில் முதலில் கிடைத்த டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள்தான். ஜுன் என்ற பெயரே, 17-ஆம் எண் வைரஸில் கிடைத்ததால், ஜப்பானிய மொழியில் பதினேழு என்பதிலிருந்து வைத்தது. என்எஃப் கப்பா பியின் பங்காளியான ரெல் வான்கோழி வைரஸில் கிடைத்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பாதி வெளிச்சம் கோழிக்கூட்டிலிருந்து வந்தது.

மைக் நல்ல நிலையில் ரொம்ப அடக்கமான ஆள். மேக்ஸ் என்ற ஜோடியோடு வந்து, ஆயிரக்கணக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பி, அரை மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். புண் ஆறும்போது செல் பெருக வேண்டும், அப்போது தேவை. வேலை முடிந்ததும் போய்விட வேண்டும். புற்றில் அது போவதில்லை. பர்க்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றில் நடப்பதைப் பாருங்கள். எட்டாவது குரோமோசோம் உடைந்து, மைக் மரபணு பதினாலாவதில் ஆன்டிபாடி மரபணுவுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தச் செல்லில் ஆன்டிபாடி மதகு எப்போதும் திறந்தே இருக்கும். மைக்கில் ஒரு எழுத்துகூட மாற வேண்டியதில்லை. வருடம் முழுக்கத் தண்ணீர் பாயும் மதகுக்குக் கீழே வயலைக் கொண்டுபோய் வைத்தது போதும்.

மைக்குக்கு எதிராக மருந்து செய்வதுதான் கடினம். ஈஆரில் ஹார்மோனுக்கென்று குழி இருக்கிறது, மருந்தை அதில் செருகலாம். மைக்கில் குழியே இல்லை, கயிறு மாதிரி நெளியும். ஆமோமைக் என்று ஒரு சின்னப் புரதத்தைச் செய்து மைக்கின் ஜோடியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். மனிதர்களிடம் முதல் சோதனை முடிவு 2024-ல் வந்தது. சிலருக்குக் கட்டி வளர்வது கொஞ்ச காலம் நின்றிருக்கிறது. நான் தினமும் ஆய்வகத்துக்குப் போவதே இந்த மாதிரிச் செய்திக்காகத்தான்.

பண்ணைக்காரர் என்பதால் ஒன்று கேட்கிறேன். தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள்தானே?

நாமக்கல் பண்ணை

பார்க்காமல் இருக்க முடியுமா? மழைக்காலத்தில் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் வந்தால் முதலில் மூக்கில் வைப்போம். பூஞ்சை வாடை இருந்தால் லாரியைத் திருப்பிவிடுவோம். முட்டை குறையும், ஈரல் வெளுத்துப்போகும்.

ஒற்றைப்படை மதகு

அந்த நச்சு கண்டுபிடிக்கப்பட்டதே அப்படித்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன, காரணம் பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சைபிடித்த கடலைப் புண்ணாக்கு. மனிதனின் ஈரலில் அது போய் அடிக்கிற இடம் பி53 என்ற மரபணு. 393 அமினோ அமிலக் கண்ணி கொண்ட அந்தப் புரதத்தில் 249-ஆவது கண்ணியை மாற்றிவிடும். அஃப்ளாடாக்சின் அதிகமுள்ள சீனப் பகுதியிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் ஈரல் புற்றுகளில் அதே மாற்றம் திரும்பத் திரும்ப இருப்பதை 1991-ல் காட்டினார்கள். மஞ்சள் காமாலை பி வைரஸும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. செக்குக்குப் போகும் கடலையில் சொத்தையைப் பொறுக்கிப் போட வேண்டும் என்று நம் ஆத்தாமார் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்தபோதுதான் உறைத்தது.

பி53-ம் லஸ்கர்தான், ஆனால் மடையை அடைக்கச் சொல்கிற லஸ்கர். டிஎன்ஏ உடைந்தால் அது எழுந்து பி21 மரபணுவைத் திறக்கும், செல் பெருகுவது நிற்கும். பழுது பார்க்க முடியாத உடைப்பு என்றால் செல்லையே சாகச் சொல்லும் மரபணுக்களைத் திறக்கும். மனிதப் புற்றுகளில் சுமார் பாதியில் இது பழுதாகியிருக்கிறது. இது வேலை செய்வது நாலு பேராகச் சேர்ந்து, பல்லக்கு தூக்குகிற மாதிரி. ஒருவருக்குக் கால் முடமானால் மற்ற மூவரும் நடக்க முடியாது. அதனால் இரண்டு நகலில் ஒன்று கெட்டாலே பாதிக்கும் மேல் வேலை கெட்டுவிடுகிறது. 1979-ல் கண்டுபிடித்துப் பத்து வருடம் இதையே புற்றை உண்டாக்கும் மரபணு என்று நினைத்திருந்தார்கள். கையில் இருந்த நகல்கள் கெட்டுப்போனவை என்று பிறகுதான் தெரிந்தது.

திம்பம் மலையோரம்

யானைக்குப் புற்று அபூர்வம் என்று வனத்துறை நண்பர் சொன்னார். அதற்கும் இந்த பி53-தான் காரணமா?

ஒற்றைப்படை மதகு

பெரிய பங்கு இருக்கலாம். நமக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. யானையிடம் சுமார் 20 ஜோடி நகல்கள் இருப்பதை 2015-ல் கண்டார்கள். அதன் செல்லில் டிஎன்ஏ கொஞ்சம் உடைந்தாலே சட்டென்று செத்துவிடுகிறது. அவ்வளவு பெரிய உடம்பில் அத்தனை செல் இருந்தும் புற்று குறைவு என்பதற்கு அது பொருந்துகிறது.

மஞ்சக்காட்டு மகள்

பத்து நாள் கழித்து வருகிறேன். டாக்டரைப் பார்த்தோம். நாலு நாள் விட்டதற்குத் திட்டவில்லை. எரிச்சலுக்குச் சில வழிகள் சொன்னார், கேப்சூல் டப்பாவை வாங்கிப் பின்பக்கம் படித்தார். மிளகுச் சத்து இருந்தது. வேண்டாம் என்றார்.

மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தார். மற்ற ஒறம்பரை போன பிறகு, திண்ணையில் ரிப்போர்ட்டை விரித்துவைத்துச் சொன்னேன். விகடகவியைச் சொன்னேன், லஸ்கரைச் சொன்னேன். மாமா தோட்டத்துக்கும் இரட்டைப்படை மதகுதான், அதனால் பாதியிலேயே புரிந்துகொண்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அந்த பிஆர் 60 என்ற இடத்தில் விரலை வைத்து, “அப்போ இது இருக்கிற வரைக்கும் மாத்திரைக்கு வேலை இருக்குதுன்னு அர்த்தம், அப்படித்தானே கண்ணு?” என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். மூன்று டப்பாவையும் பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டார்.

இப்போது தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவர் போன் வருகிறது. அம்மா மாத்திரையை விழுங்கியாயிற்று என்று சொன்ன பிறகுதான் மாடு கன்று பற்றியெல்லாம் பேச ஆரம்பிக்கிறார்.